உள்ளே தைத்த பைகள்

அக்கா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தாள். அட்டை இல்லை. சின்னவளுக்கு அது லேசாக உறுத்தியது. இத்தனை வருஷமாக மருந்துக்கடையில் நிற்பவள், பெயரும் தேதியும் பார்க்காமல் யாருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதவள், கூடப்பிறந்தவளுக்கு மட்டும் சமையலறையிலேயே பிரித்து வெறும் மாத்திரையாக நீட்டினாள். அம்மா போனபிறகு தன்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவளிடம் என்னவென்று கேட்பது? வாங்கி விழுங்கினாள்.

இடது அடிவயிற்றில் வலி வந்தபோது ஸ்கேனுக்குக் கூட்டிப்போனதும் அக்காதான். வலிக்குப் போட்ட ஊசியில் சின்னவள் வெளியே பெஞ்சில் கிறங்கிக் கிடக்க, டாக்டரிடம் பேசிவிட்டு அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். பெருங்குடலின் சுவர் சில இடங்களில் வலுவிழந்து, உள்ளே ஏறும் அழுத்தம் தாங்காமல் சின்னச் சின்னப் பைகளாக வெளியே புடைத்திருக்கிறதாம். நிறையப் பேருக்கு இருக்குமாம். இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுவார்களாம்.

"டிரஸ்ல பாக்கெட்டே இல்லன்னு புலம்புவியே, உள்ளயே தச்சு வச்சிருக்கு பாரு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். சின்னவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் வெளியூர்க் கிளைக்கு அவள் மாற்றலாகிப் போவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னாள் அக்கா.

அதன்பிறகு அறையின் ஜன்னல் திரை விலகவே இல்லை. பகலிலும் மங்கிக் கிடந்த அறையில், கிருமிநாசினி நெடியும் வியர்வையில் ஊறிய போர்வையின் வாடையும் கலந்து கனக்க, சின்னவள் படுத்தபடி தன் வயிற்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்: காலிக் குழாயில் தண்ணீர் ஏறுவதுபோல் ஒரு களகளப்பு, பிறகு நீளமாய் ஒரு முனகல், அடங்கியதும் எங்கோ அடியில் ஒரு குமிழ் உடையும் சத்தம். மாத்திரை போட்டால் வலி பஞ்சாய்ப் போகும். காய்ச்சல் மட்டும் விடாது.

இன்று மதியம் அந்தச் சத்தமெல்லாம் நின்றுபோனது.

அக்கா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவள் போன் விடாமல் அடித்தது. சின்னவள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் எடுத்தாள். டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ். ஒரு பை வீங்கிப் புண்ணாகியிருக்கிறது, எழுதிக் கொடுத்த கிருமி மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும், காய்ச்சல் இறங்காவிட்டால் உடனே கூட்டிவர வேண்டும், பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்றெல்லாம் அக்காவிடம் அன்றைக்கே சொன்னார்களாம். நடுவில் விசாரித்தபோது, குணமாகிவிட்டது என்றாளாம் அக்கா. டாக்டருக்குத்தான் மனசு கேட்கவில்லையாம்.

அக்காவா? அப்படியென்றால் அட்டையில்லாமல் தந்ததெல்லாம் வெறும் வலி மாத்திரைதானா?

"சிஸ்டர், வயித்துல சத்தமே இல்ல."

"அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கா?"

கை வைத்தாள். அவள் வயிறு மாதிரியே இல்லை. பலகை.

"இருக்கு."

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன். பக்கத்துல யாரு இருக்காங்க? போனை அவங்ககிட்ட குடுங்க."

பின்னால் ஈரத்துணி வாடை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

அக்கா போனை வாங்கினாள். கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே கனிந்த குரல். "ஆம்புலன்ஸ் வேணாம் சிஸ்டர். கீழ வண்டி ரெடியா நிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போறேன்."

போனை அணைத்தாள். வாசல் கதவைத் தாழ் போட்டாள். சின்னவளைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்தாள்.

"ஏன்க்கா?"

"கொஞ்ச நாள் படுத்துக் கெடந்தா, ஊருக்குப் போற நெனப்பு போயிடும்னு பாத்தேன். இவ்ளோ தூரம் வரும்னு நெனைக்கல." நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டாள். "இப்ப கூட்டிட்டுப் போனா எங்கிட்ட திருப்பித் தர மாட்டாங்கடி."

சின்னவள் எழ முயன்றாள். கால் வரவில்லை. கத்தினாள். வெறும் காற்று. விரல் நுனி சில்லிட்டது. பிறகு மணிக்கட்டு.

அக்கா கட்டிலில் ஏறிப் பக்கத்தில் படுத்தாள். துணியை விலக்கி, இறுகிப்போன அந்த வயிற்றின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடினாள். வெகுநேரம் கேட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்பதுபோல், ஒரு விரலைத் தன் உதட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.