சத்தமில்லாமல் ஒரு மணல் மதில்

பேருந்து அம்மாவையும் மகளையும் மேட்டில் இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அங்கிருந்து கடற்கரைக்குக் கால் மணி நேர நடை. இரண்டு பக்கமும் வயல். வேலியோரம் ஆடுகள்.

"அம்மா, அதோ கடல்! அம்மா, அந்த ஆட்டுக்கு ஒரே கொம்பு! அம்மா, கேக்குறியா?"

"ம்" என்றாள் அம்மா.

பத்து வயதுப் பெண்ணான அவளை வீட்டிலும் பள்ளியிலும் 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட வேண்டும். கூட வேலை செய்பவர் இந்த வாரம் விடுப்பு. அதனால் இரண்டு பேர் வேலையையும் அம்மாவே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். இன்று விடுமுறை. கடலுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்ன வார்த்தைக்காகவே காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

இரண்டு பாறை மேடுகள் கைகளைப்போல நீண்டு அந்தச் சின்னக் கடற்கரையை அணைத்திருந்தன. காற்றே இல்லை. அலைகள் சத்தம் போடாமல் வந்து போயின.

அம்மா மணலில் துண்டை விரித்துச் சாய்ந்தாள்.

"அஞ்சே நிமிஷம், கண்ணு. அப்புறம் தண்ணியில இறங்கலாம். நான் இல்லாம இறங்கக் கூ..."

'கூடாது' என்று முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது. வாயாடி இருமிப் பார்த்தாள். செருப்பை மணலில் தட்டிப் பார்த்தாள். "அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டாள். அம்மா அசையவில்லை.

தோளைத் தொட்டு எழுப்பக் குனிந்தபோதுதான் அம்மாவின் மணிக்கட்டு கண்ணில் பட்டது. இஸ்திரிப்பெட்டி சுட்ட சிவப்புக் காயம். புதியது. அதைப் பற்றி அம்மா சொல்லவே இல்லை.

வாயாடி கையை எடுத்துக்கொண்டாள். பையிலிருந்த குடையை எடுத்து விரித்து, அம்மாவின் முகத்தில் வெயில் படாதபடி மணலில் ஊன்றினாள். அழுகை வரும்போலிருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

'தொம்!' ஒரு பந்து வந்து அம்மாவின் தலைமாட்டில் விழுந்தது. பின்னாலேயே ஒரு நெட்டைப் பையன், அவன் தங்கை, மூக்கு ஒழுகும் ஒரு பொடியன். மூவரும் மேட்டுப் பண்ணை வீட்டுப் பிள்ளைகள்.

"உஷ்! எங்கம்மா தூங்குறாங்க. அந்தப் பக்கம் போய் விளையாடுங்களேன்."

"தூங்கறதுக்கா கடற்கரைக்கு வருவாங்க?" என்றான் நெட்டையன்.

"வீட்ல தூங்க நேரமே இல்ல. இங்கயாவது தூங்கட்டும்."

நெட்டையன் தலையைச் சொறிந்தான். "எங்கப்பாவும் அறுவடை சமயத்துல சாப்பிடும்போதே தூங்கிடுவார்" என்றாள் தங்கை.

பொடியன் மூக்கை உறிஞ்சினான். "ஆனா கடல் எழுப்பிடுமே. தண்ணி இங்க வரைக்கும் ஏறும்."

வாயாடி திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். சற்றுமுன் தூரத்தில் இருந்த நீர் இப்போது அம்மாவின் காலுக்கு எட்டடியில் நின்றது. அம்மாவை எழுப்பினால் கிளம்பத் தொடங்கிவிடுவாள். அவ்வளவுதான், தூக்கம் போச்சு.

அவள் மண்டியிட்டு மணலை அள்ளிக் குவித்தாள். இரண்டு கையாலும், மூச்சு வாங்க வாங்க. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னும் ஆறு கைகள் சேர்ந்தன.

"பேசக் கூடாது" என்று கிசுகிசுத்தாள் வாயாடி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை ஆசிரியை கேட்டிருந்தால் மயங்கியே விழுந்திருப்பார்.

மதில் பிறை போல வளைந்து முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. அலை கரைத்த இடத்தில் தங்கை ஈர மணலை அப்பினாள். நெட்டையன் பாசி படிந்த கற்களைச் சுமந்து வந்தான். எல்லோருக்கும் முதுகு வலித்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"ஹ... ஹா... அச்சூ!"

பொடியனின் தும்மலில் ஆடுகளே நிமிர்ந்து பார்த்தன. அம்மா கண் விழித்தாள்.

முன்னால் ஒரு மதில். அதன் பின்னால் கடல். நடுவில் முகமெல்லாம் ஈர மணல் அப்பிய நான்கு பிள்ளைகள், சிலை போல.

"என்ன இது? யாரு இவங்கல்லாம்?"

மூவரும் வாயாடியைப் பார்த்தார்கள்.

"இப்பப் பேசலாம்" என்றாள் வாயாடி.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. மகளின் சிவந்த உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு ஆன்ட்டி" என்றான் நெட்டையன்.

அம்மா மதில்மேல் ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கம் நீருக்குள் கால்களை விட்டாள். "அப்பாடா!" என்றாள். அடுத்த நொடி மதில் பொத்தென்று சரிந்தது. அம்மா தண்ணீருக்குள் விழுந்தாள்.

பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட எழுந்த அம்மா, இரண்டு கைகளாலும் கடலை அள்ளி வாயாடியின் மேல் வீசினாள்.