ஒருசந்தி நாளின் மரச்சீனி

தேவகனி அழவில்லை. நாகர்கோவிலில் துப்பறிவாளர் அபிதாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் வீட்டுச் செய்தியையோ சொல்வது போலச் சொன்னாள்.

"வீட்டுக்காரருக்கு மரச்சீனிக் கெழங்கு அவிச்சு மசிச்சுக் குடுத்தேன். நெஞ்சுக்கு மாத்திரை திங்கிற ஆளு. வாந்தியெடுத்தாரு, செத்துப்போனாரு. அண்ணைக்குத் தவக்கால வெள்ளி. எனக்கு ஒருசந்தி, அதனால தொடல்ல. நான்தான் விஷம் வச்சேன்னு கொழுந்தன் டைட்டஸ் சொல்லுதாரு. எம் பிள்ளையயும் கொண்டு போயிட்டாரு. அவள மட்டும் வாங்கித் தாங்க."

நோன்பிருந்ததே குற்றமாகிவிட்ட கொடுமையை என்னவென்று சொல்வது!

சட்டியில் மிஞ்சியிருந்த மரச்சீனியில் ஒதளங்காய் நஞ்சு இருந்ததாகப் போலீஸ் அறிக்கை சொன்னது.

"எதை வைத்துக் கிண்டினீர்கள்?" என்று கேட்டாள் அபிதா.

"கம்புதான். பழசு ஒடிஞ்சுபோச்சு. கொழுந்தன் புதுசு வெட்டித் தந்தாரு."

உதவியாளன் ஷைஜுவுக்கு மூக்கு வேர்த்தது. "மேடம், ஆளு டைட்டஸ்தான்!"

அபிதா அவசரப்படவில்லை. போலீஸ் அனுமதியோடு அந்தக் கம்பை லேசர் ஆய்வுக்கு அனுப்பினாள். லேசர் ஒரு புள்ளியைச் சுடும். அதிலிருந்து பறக்கும் துகள்களை நிறை நிறமாலைமானி எடைபோட்டு, அது எந்தச் செடியின் சாறு என்று காட்டிக்கொடுக்கும். துளியினும் துளி போதும்.

முடிவு வந்ததும் மூவரும் டைட்டஸின் வீட்டுக்குப் போனார்கள்.

"உணவில் நஞ்சைக் கலந்திருந்தால், அது கம்பின் மேல்பரப்பில் மட்டும்தான் ஒட்டியிருக்கும்," என்றாள் அபிதா. "லேசர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுட்டு உள்ளே போனது. மேலே கொஞ்சம்தான். உள்ளே போகப் போக அதிகம். நஞ்சு மரச்சீனியிலிருந்து கம்புக்கு வரவில்லை. கம்பிலிருந்துதான் மரச்சீனிக்கு வந்திருக்கிறது. அது ஒதள மரத்தின் பச்சைக் கம்பு. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதன் பால் எமன்."

டைட்டஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் கடல்ல கெடக்கவன் மேடம். மரம் மட்ட எனக்கென்ன தெரியும்? சானல்கரையில நேரா நிண்ணுது. மைனி கைய அறுக்காம இருக்கட்டுமேன்னு தோல உரிச்சு, வழுவழுன்னு சீவிக் குடுத்தேன்..."

ஷைஜு சொன்ன ஆள்தான். ஆனால் தெரிந்து செய்யவில்லை.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தேவகனி தோளில் தூக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை. டைட்டஸ் அவள் காலருகே குனிந்து விம்மினான்.

"மைனி, என்னத்தையாவது சொல்லுங்க."

"இத பிள்ளைக்கிட்ட ஒருநாளும் சொல்லிராதேயும்," என்றாள் அவள். "அப்பாதான் இல்லாம ஆயாச்சு. அவளுக்குச் சித்தப்பாவாவது இருக்கட்டும்."