கழுவிய கிண்ணம்

சோரியாங்குப்பத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு ஒன்றை அகழாய்வுக் குழுவுக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பானை ஓடுகள் நிறைந்த தொட்டிகளோடு ஆய்வாளன் புகழ்வேந்தன் அங்கே வந்து இறங்கியபோது வெயில் இன்னும் முற்றத்தில் இருந்தது. குழுத் தலைவி கல்பனா மேடம் புதுச்சேரிக்குப் போயிருந்தார்.

அன்று காலைதான் சவுக்குத் தோப்புக் குழியில் ஒரு முதுமக்கள் தாழி கிடைத்திருந்தது. உள்ளே சின்னஞ்சிறு எலும்புகள். பக்கத்தில், ஒரு கைக்குள் அடங்கும் கறுப்புக் கிண்ணம். அதன் அடியில் ஏதோ தீய்ந்து பற்றியிருந்தது.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது," என்று மேடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். "அந்தக் காலத்துல இங்க என்ன சாப்பிட்டாங்கன்னு அடியில ஒட்டியிருக்கிற இந்தப் பத்து சொல்லும். இத்தனை வருஷமா நான் தேடினது இதைத்தான்."

குழி வெட்டும் தேவி எட்டிப் பார்த்தாள். "கொயந்தைக்கு வச்ச கூழு மேடம். பாதிதான் துன்னுக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். புகழ்வேந்தன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

அன்றைய ஓடுகளை மாலையில் வாளித் தண்ணீரில் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது அவன் வேலை. பழகிய கைக்குக் கண் வேண்டாம். ஜீப்பில் ஆடாமலிருக்கட்டும் என்று கிண்ணத்தையும் ஓடுகளைப் போலவே காகிதத்தில் சுற்றி அவற்றோடு வைத்தவனும் அவன்தான். தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, நண்பனோடு கிரிக்கெட் பேசியபடி ஒவ்வொன்றாக எடுத்தான், பிரித்தான், முக்கினான், தேய்த்தான்.

தீய்ந்த கூழின் வாசனை குப்பென்று எழுந்தது.

குனிந்து பார்த்தான்.

கிண்ணம் பளபளவென்று இருந்தது.

கறுத்த தண்ணீரைத் தென்னை மரத்தடியில் கொட்டினான். மேடம் திரும்பி வந்து கிண்ணத்தைக் கேட்டதும் அவன் வாய் முந்திக்கொண்டது.

"தேவி கழுவிட்டா மேடம். நான் பாக்கறதுக்குள்ள..."

மண்வெட்டியை வைக்க வந்த தேவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளைப் பார்க்க அவனுக்குக் கூசியது. கூசியும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நாளை முதல் வரவேண்டாம் என்று மேடம் தேவியிடம் சொன்னபோதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கழுவல மேடம்," என்றாள் தேவி. "சாப்ட்டுக்கினு இருக்கறவங்க தட்ட எங்க வூட்ல யாரும் எடுக்க மாட்டோம்."

மேடம் சாப்பாடு வேண்டாமென்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை பிடித்தது, கரண்டும் போனது. புகழ்வேந்தன் இருட்டிலேயே தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஈர மண் வாசனையோடு வேறொரு வாசனையும் கலந்து வந்தது.

அடிப்பிடித்த கூழ்.

சர்ர்... சர்ர்...

கிண்ணம் இருந்த முன்னறையில் யாரோ மண்சட்டியின் அடியைச் சுரண்டினார்கள்.

"யாரு?" என்று கிசுகிசுத்தான்.

சுரண்டல் நின்றது.

போன் வெளிச்சத்தோடு போய்ப் பார்த்தான். கிண்ணம் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதன் அடியில் புதிதாக நகக்கீறல்கள், எறும்பு ஊர்ந்த அளவுக்குச் சன்னமாக.

திரும்பி வந்து தட்டின்மேல் வெளிச்சம் அடித்தான். சோற்றின் நடுவில் ஒரு குழி. அதன் ஓரத்தில் சின்ன விரல்களின் தடம். சோறு வாயில் வைக்க முடியாதபடி தீய்ந்து நாறியது.

விடிந்ததும் தேவியின் வீட்டுக்கு நடந்தான். அவள் வாசலில் கோலமாவுக் கிண்ணியோடு நின்றிருந்தாள்.

"நான்தான் கழுவினேன் தேவி. பழியை உன்மேல போட்டுட்டேன். வா, மேடம்கிட்ட உன் முன்னாடியே சொல்றேன்."

"வேல எனக்குப் போச்சு, அது திரும்பி வந்துரும்," என்றாள் தேவி. "கிண்ணத்துச் சோறு போச்சே, அது யாருக்கு சார்?"

கிண்ணியைத் திண்ணையில் வைத்துவிட்டு அவனோடு கிளம்பினாள்.

தோப்பில் எல்லார் முன்னாலும் சொன்னான். மேடம் அவனைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா" என்றார். அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்களும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார்கள். மண் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு.

மதியம் எல்லோரும் சவுக்கு நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் தேவிக்கு எதிரே கொஞ்சம் ஒதுங்கி, எவர்சில்வர் தட்டோடு. சோற்றில் குழி இல்லை. தீய்ந்த வாசனை இல்லை. சொல்லிவிட்டோம், தீர்ந்தது என்று மனம் லேசானது. முந்தின நாள் பசியும் சேர்ந்துகொள்ள, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவச் செம்பை எடுத்தான். தட்டின்மேல் சாய்க்கப் போனான்.

ஏதோ அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

சின்னக் கை. சில்லென்று இருந்தது.

எதிரில் தேவி தலை நிமிராமல் தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மெல்ல, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தண்ணி ஊத்தாத சார். இன்னும் துன்னு முடிக்கல."

காலித் தட்டின் அடியில் சர்ர் என்று ஒரு கீறல் விழுந்தது. புகழ்வேந்தன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, எச்சில் கை காயக் காய, அப்படியே உட்கார்ந்திருந்தான்.