எந்தப் பக்கம் ஆழம்?

பொன்னேரி பஸ்ஸிலிருந்து தேவகி இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம்தான். ஆனால் பழவேற்காடு ஏரி விளக்கு வைக்கிற நேரம்போல இருண்டு கிடந்தது. தண்ணீரில் ஒரு கொக்குகூட இல்லை. பைக்குள் துண்டில் சுற்றியிருந்த புது நெட்வொர்க் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு பழைய ஐஸ் கம்பெனிக்கு நடந்தாள்.

அங்கே ஐஸ் உடைத்துப் பல வருஷம் ஆகிறது. சுவர்கள் கனமானவை, எந்த வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி போகாது. அதனால்தான் தேவகியின் முதலாளி தருமலிங்கம் தன் இன்டர்நெட் ஆபீஸை அங்கே வைத்திருந்தார். புது ரவுட்டர் வாங்க வக்கில்லாமல், பழைய சர்வர் ஒன்றில் மூன்று போர்ட் உள்ள கார்டைச் சொருகி, அதையே ரவுட்டராக ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் போர்ட்டில் வெளி லைன். இரண்டாவது குப்பத்து வீடுகளுக்கு. மூன்றாவது கடற்கரைக் கம்பத்துக்கு.

கம்பம்தான் முக்கியம். முகத்துவாரத்தில் மணல் மேடு நாளுக்கு ஒரு இடத்தில் கிடக்கும். எந்தப் பக்கம் ஆழம் என்று கரையில் நிற்பவன் பார்த்துச் சொன்னால்தான் படகு தட்டாமல், கவிழாமல் உள்ளே வரும். போன் டவர் மழையைக் கண்டாலே படுத்துவிடும். கம்பத்தின் வைஃபை மட்டும் அலை உடையும் இடத்தைத் தாண்டி எட்டும். படகு அந்த எல்லைக்குள் வந்ததும் உள்ளே இருப்பவனின் போன் தானாக ஒட்டிக்கொள்ளும், அவன் பெயர் தேவகியின் திரையில் விழும். அதனால் வானம் கறுத்தால் குப்பத்துப் பெண்கள் ஐஸ் கம்பெனி வாசலுக்கு வந்துவிடுவார்கள். பெயர் வந்தவள் வீட்டுக்கு ஓடி உலை வைப்பாள்.

இன்று வாசலில் முதல் ஆளாக நின்றவள் மாமியார் நாகம்மாள்.

"இன்னாமே, என் புள்ள வந்தானா?"

"இப்பதான் அத்தே கார்டே மாட்டப் போறேன்."

தேவகியின் புருஷன் முத்துராஜ் விடியலில் கடலுக்குப் போனவன். புயல் சேதி வந்தது அதற்குப் பிறகு.

"வாம்மா இஞ்சினியரு," என்றார் தருமலிங்கம். "இதுவும் பூட்டுச்சின்னா நானே கம்பத்து மேல ஏறி நின்னு கத்தறேன். அதான் பாக்கி."

தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. சில நாட்களாக இதே கதை. காற்று அடங்கி வெயில் அடித்தால் கார்டு ஒழுங்காக ஓடும். வானம் மூடி, படகுகள் திரும்புகிற நேரம் பார்த்து மூன்றாவது போர்ட் திணறிச் செத்துப்போகும். கேபிளை மாற்றினாள். கார்டை வேறு இடத்தில் சொருகினாள். கழற்றிய கார்டை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டால் குற்றம் ஒன்றும் இல்லை. ஒரே நேரத்தில் வந்து சேரும் போன்களின் கூட்டம் தாங்காமல்தான் விழுகிறது என்பது வரை தெரிந்தது. எந்தக் கூட்டம் என்று தெரியவில்லை.

சர்வரின் மூடியைத் திறந்தாள். சூடான தூசி வாசனை வரவேண்டிய இடத்தில் ஈர வலையின் வீச்சம் வந்தது. பழைய கார்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கடலோரத்தில் உப்பு பூக்காமல் என்ன செய்யும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு துடைத்தாள்.

விரல் ஜில்லென்றது.

புதுக் கார்டு ஏறியது. மூன்று விளக்கும் பச்சையாகச் சிமிட்டின. கொஞ்ச நேரத்தில் திரையில் தங்கவேல் பெயர் விழுந்தது. அவன் பெண்டாட்டி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள். கரையில் நின்று ஆழம் பார்த்துச் சொல்லும் மீனவன் தருமனின் குரல் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டது.

"தெக்கால ஆழம். தெக்கால வாங்க. வடக்கே வராதீங்க."

தங்கவேல் படகு உள்ளே வந்தது. இன்னொன்றும் வந்தது.

அப்புறம் மூன்றாவது விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி முறைத்துப் பார்ப்பதுபோல எரிந்தது. திரை பெயர்களால் நிரம்பி வழிந்தது. போர்ட் திணறியது.

"கடல்ல இருக்கிறது நாலே படகு," என்றார் தருமலிங்கம். "இத்தினி பேரு எங்கேருந்தும்மா வர்றானுங்க?"

கோளாறு கம்பத்துப் பக்கமா, கார்டிலா? அதைக் கண்டுபிடிக்க எல்லோரும் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. தேவகி மூன்றாவது போர்ட்டின் கேபிளை உருவினாள். கேபிள் இல்லாவிட்டால் விளக்கு அணைய வேண்டும்.

அணையவில்லை.

கேபிளின் நுனி அவள் கையில் இருந்தது. கடலில் இருந்த படகுக்காரர்களின் பெயர்கள் திரையிலிருந்து போய்விட்டன. மற்றவை போகவில்லை. வைஃபையில் சேரும் ஒவ்வொரு போனும் ரவுட்டரிடம் முதலில் ஒன்றைத்தான் கேட்கும்: நான் வந்திருக்கிறேன், எனக்கு ஓர் இடம் கொடு. அந்தக் கேள்விதான் திரை முழுக்க. கேட்டது கிடைக்காமல் மறுபடி மறுபடி அதே கேள்வி.

அவற்றில் ஒரு பெயர் லோகேஷ்.

முத்துராஜின் தம்பி. போன கார்த்திகைப் புயலில், இதேபோல நெட் கிடைக்காத ஒரு சாயங்காலம், வழி தெரியாமல் வடக்கே வந்து முகத்துவாரத்தில் கவிழ்ந்தவன். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அவன் படத்துக்கு மாலை போட நாகம்மாள் இன்னும் விடவில்லை.

"அண்ணே..." தேவகி அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

தருமலிங்கமும் படித்துவிட்டார். அவர் முகத்தில் கேலி வற்றிப்போயிருந்தது. "தடுத்துடும்மா," என்றார் மெதுவாக. "உசுரோட இருக்கிறவங்களப் பாரு."

"யாருமே அது?" வாசலிலிருந்து நாகம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரு வந்தது?"

"யாருமில்ல அத்தே."

ஒவ்வொரு பெயராகத் தடுத்தாள். லோகேஷைக் கடைசியாகத் தடுத்தாள். கேபிளைச் சொருகியதும் போர்ட் மூச்சு விட்டது. பச்சை சிமிட்டியது. தருமனின் குரல் மறுபடி கடலுக்குப் போனது. படகுகள் வந்தன. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள்.

பிறகு முத்துராஜ் பெயர் விழுந்தது.

"வந்துட்டாரு அத்தே!" தேவகி தன்னை மறந்து கத்திவிட்டாள். நாகம்மாள் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சேற்றில் சறுக்கியபடி உலை வைக்க ஓடினாள்.

தருமன் கரையிலிருந்து குரூப்பில் கூப்பிட்டான். "தாமோதரன் படகு தெரியுது. முத்துராஜு படகு கண்ணுலயே படலியே. நெசமா வந்துட்டானா?"

தேவகி திரையைப் பார்த்தாள்.

போர்ட் மறுபடி திணறத் தொடங்கியிருந்தது. விளக்கு முறைத்தது. தாமோதரனுக்கு இப்போது தருமன் சொல்வது கேட்காது. அவன் படகு அலைமேல் ஏறிவிட்டது.

கேபிளை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும். உருவாமல் இருந்தால் தெரியாமலே இருக்கலாம். அவள் கை போர்ட்டின் மேல் அப்படியே நின்றது.

"தேவகி," என்றார் தருமலிங்கம். "கரையில கத்துறாங்க, தாமோதரன் வடக்கால போறானாம்மா."

உருவினாள்.

தாமோதரன் பெயர் போனது.

முத்துராஜ் பெயர் அங்கேயே இருந்தது. இடம் கொடு, இடம் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. அழுதால் எழுத்து தெரியாது. புருஷன் பெயரைத் தேடி, தடுக்கும் கட்டளையை அடித்து, அழுத்தினாள். கேபிளைச் சொருகினாள். "தெக்கால வா, தெக்கால வா" என்று தருமன் தொண்டை கிழியக் கத்தினான். தாமோதரன் படகு கடைசி நேரத்தில் திரும்பி உள்ளே வந்தது.

கரையில் ஆரவாரம் கேட்டது. தேவகி எழுந்து சர்வரின் பவர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். காற்றாடி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. திரை கறுத்தது.

மூன்றாவது விளக்கு மட்டும் நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

தருமலிங்கம் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

தேவகி வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது, உள்ளே அடுப்பு வெளிச்சம் மட்டும். நாகம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டவர் விழுந்து வெகு நேரம் ஆயிற்று. நெட்டைத் தேவகியே பிடுங்கிவிட்டு வந்திருந்தாள்.

"பாருமே, எனக்கு வாய்ஸ் போட்டுக்கீறான்," என்று போனை நீட்டினாள்.

முதலில் அலைச் சத்தம். பிறகு முத்துராஜின் குரல். குளிரில் நடுங்குபவனைப்போல, ஒவ்வொரு சொல்லாக.

"எம்மா. எந்தப் பக்கம் ஆழம்?"

அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு குரல் அதையே கேட்டது. வயசு குறைந்த குரல். நாகம்மாளின் முகம் மாறியது. புரிந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தில் பயம் இல்லை.

"வேணாம் அத்தே." தேவகி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "பதில் சொல்லாதீங்க. ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஒரு தபா வழி தெரியாமதானே பூட்டான் சின்னவன்," என்றாள் நாகம்மாள். மருமகளின் கையை விலக்கி, போனை வாயருகே கொண்டுபோனாள்.

"தெக்கால வா நைனா. தம்பியையும் கூட்டிக்கினு வா."

அனுப்பிய குரலின் கீழே ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. இரண்டும் நீலமாயின.

முகத்துவாரத்தின் பக்கமிருந்து ஓர் எஞ்சின் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், இருட்டு முழுக்க எஞ்சின் சத்தம்.