இதற்கு மேல் சிவப்பு இல்லை

லிஃப்ட் பழுது. கருவிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிபுணர் மாடியேறி வந்தபோது, மதியச் சாப்பாடு முடிந்து கட்டடமே கண்ணயர்ந்திருந்தது. கதவில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. ‘துணைத் தலைமைப் பொறியாளர்’ என்பது கொட்டை எழுத்தில். ‘ஓய்வு’ என்பது எறும்பு படிக்கிற அளவில்.

நிபுணரும் லேசுப்பட்டவர் இல்லை. அவருடைய விசிட்டிங் கார்டில் ‘பிம்பத் துல்லிய ஆலோசகர்’ என்று போட்டிருக்கும். வீட்டு டிவிகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மீட்டர் வைத்து அளந்து, படம் எடுத்தவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே பார்ப்பவனுக்கும் தெரியும்படி திருத்திக் கொடுப்பது தொழில். “அடுத்தவங்க வீட்டு ரிமோட்ட அமுக்கிட்டு வர்றாரு” என்பது அவர் மனைவி சொந்தக்காரர்களுக்குத் தரும் விளக்கம். சொந்த வீட்டு டிவி, மாமியாரின் விருப்பப்படி, கடையில் வைத்திருப்பது போலக் கண்ணைப் பறிக்கிற நிறத்தில்தான் ஓடியது. அங்கே துல்லியம் செல்லுபடியாகவில்லை.

கதவைத் திறந்த பெரியவருக்கு டிவி கடைகளில் ‘ரிட்டன் சார்’ என்று பெயர். வாங்குவார், பார்ப்பார், நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவார். கடைக்காரர்தான் நிபுணரை அனுப்பி வைத்திருந்தார். போய் ஏதாவது மந்திரம் போட்டு, டிவி நன்றாக இருக்கிறது என்று அந்த மனிதர் வாயால் ஒரு தடவை சொல்ல வைத்துவிடுங்கள், நாங்கள் பிழைத்துக்கொள்கிறோம் என்பது அவருடைய வேண்டுகோள்.

ரிட்டன் சார் வரவேற்பறையில் நின்றபடியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அலுவலகச் சுற்றறிக்கை வாய் முளைத்து வந்தால் அப்படித்தான் பேசும். உற்பத்தித் தரம், பொறுப்பின்மை, நுகர்வோர் உரிமை. நிபுணர் பதிலுக்குத் தன் பங்குக்கு ஒன்று ஆற்றினார். உள்ளதை உள்ளபடி காட்டாத டிவி டிவியே இல்லை, என் கை பட்ட டிவி பொய் சொல்லாது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று.

பெரியவரின் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றார். டிவி இருந்த அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை.

அந்த அறையில் ஒரு பெரிய சிவப்பு சோபா கிடந்தது. வாங்கிய நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் போட்டது. நிபுணர் ஜன்னலில் கனமான பச்சைத் திரையை இழுத்துவிட்டு, இடுக்குகளில் கறுப்புத் துணியைச் செருகினார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒரு கிணற்றின் அடிப்பகுதி உருவானது. பிளாஸ்டிக் வாடை. சூடேறும் டிவியின் வாடை. அவற்றுக்கு அடியில், மழையில் நனைந்த துணியை மடித்து வைத்துவிட்டு மறந்தது போல இன்னொன்று.

வேலை சுத்தமாக நடந்தது. மீட்டரைத் திரையின் மேல் தொங்கவிட்டு வெள்ளையைப் போட்டார், சாம்பலைப் போட்டார், கறுப்பைப் போட்டார். எண்களைப் பார்த்து மெனுவில் கொஞ்சம் கூட்டினார், கொஞ்சம் குறைத்தார். கடைசியில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. இந்த ஊரிலேயே பொய் சொல்லாத டிவி இதுதான் என்று அறிவித்தார்.

“அப்ப அந்த வீடியோவப் போடுங்க” என்றார் ரிட்டன் சார். சுற்றறிக்கைத் தொனி காணாமல் போயிருந்தது.

சோபா வந்த அன்று எடுத்த வீடியோ அது. எடுத்தவர் ரிட்டன் சாரின் மைத்துனர். பிளாஸ்டிக்கோடு இருந்த சோபாவில் ஒரு ஓரம் அம்மா, நடுவில் மகள். அப்பா எழுந்து நின்று சோபாவின் உத்தரவாதக் காலத்தைப் பற்றி உரையாற்றுகிறார். “அப்பா, சோபா வாங்கினதே ஒக்காரத்தான். ஒக்காந்து பேசுங்க” என்கிறாள் மகள். அவர் வந்து இன்னொரு பக்கம் உட்காருகிறார். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

மகள் இப்போது இல்லை. போட்டோவென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண். அவள் முகம் முழுதாக அகப்பட்டது இந்த ஒன்றில்தான்.

சோபாவின் சிவப்பு சரியாக இருந்தது. அப்பாவின் நீலச் சட்டை சரியாக இருந்தது. அம்மாவின் முகம், சமையலறை வாசலில் நிற்கிறாரே, அதே மாநிறம்.

மகளின் முகம் மட்டும் சரியில்லை.

வெளுப்பு என்று சொல்ல முடியாது. உதட்டில் நீலம். கண்ணுக்குக் கீழே ஒரு மங்கல். அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

நிபுணர் தொழில்முறையில் காரணங்கள் சொன்னார். போன் கேமரா, ஜன்னல் வெளிச்சம், பதிவின் தரம். பொறியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் வாழ்நாளில் பேசிய மிகச் சின்னப் பேச்சைப் பேசினார்.

“அவளும் அவ அம்மாவும் ஒரே நிறம். கையோட கை வச்சா யார் கைன்னு எனக்கே தெரியாது. அம்மா மேல விழுந்த வெளிச்சம்தானே அவ மேலயும் விழுந்துச்சு?”

விளக்கம் தீர்ந்தால் நிபுணர்கள் கருவியை எடுப்பார்கள். படத்தை நிறுத்தி, அவள் கன்னத்தின் மேல் மீட்டரை வைத்தார். நிறத்தின் அளவு எண்ணாக வந்தது. ஒரு கணம் நின்றது.

பிறகு இறங்கியது.

படம் நின்றுகொண்டிருக்கிறது. நின்ற படத்தின் எண் இறங்காது. மீட்டரை அம்மாவின் கன்னத்துக்கு நகர்த்தினார். அசையவில்லை. வெள்ளையைப் போட்டுச் சரிபார்த்தார். அசையவில்லை. மறுபடி மகளின் கன்னம்.

இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரம் ஆறுவது போல.

“முன்னாடி நல்லாத்தான் இருந்தா, தம்பி.” வாசலிலிருந்து அந்த அம்மா பேசினார். ஊரில் மழை பெய்தது என்று சொல்வது போன்ற குரல். அவள் போன பிறகுதான் மாற ஆரம்பித்தது என்றார். முதலில் உதடு காய்ந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இருந்த நிறம் வந்தது. இவர் டிவியை மாற்றினார். வீடியோ எடுத்த தன் தம்பியின் போனில் பார்த்தால் அதிலும் அப்படியே. அந்த போனும் சரியில்லை என்று சண்டை போட்டார்.

“கடைசி நாள் இருந்தாளே, அந்த நிறம் போன மாசம் வந்துச்சு. அதோட நின்னுடும்னு நெனச்சேன்.”

நிற்கவில்லை.

“இது அதுக்கு அப்புறம் வர்ற நிறம்” என்றார். “அதுக்கு அப்புறம் நாங்க அவளப் பாத்ததில்ல, தம்பி. பாக்கக் கூடாதுன்னுதானே மூடி அனுப்பினது.”

உள்ளதை உள்ளபடி காட்டுகிற டிவி பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது.

ரிட்டன் சார் மனைவியை அதட்டவில்லை. நிபுணரின் கையைப் பிடித்துக்கொண்டார். “சிவப்பக் கூட்டுங்க.”

அது தப்பு, சார், மற்ற எல்லா நிறமும் கெட்டுப்போகும் என்று சொல்ல நிபுணர் வாயெடுத்தார். விசிட்டிங் கார்டில் போட்டிருந்ததை அப்போதைக்கு மறந்தார். மெனுவுக்குப் போய்ச் சிவப்பைக் கூட்டினார்.

அவள் கன்னத்தில் ரத்தம் ஓடியது.

படத்தில் அப்பாவும் அம்மாவும் செங்கல் நிறத்துக்குப் போனார்கள். போகட்டுமே. நடுவில் உட்கார்ந்திருந்த பெண் அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள். வாசலில் நின்றிருந்த அம்மா, தன்னை அறியாமல் இரண்டடி உள்ளே வந்தார்.

“பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றார் பொறியாளர், யார் முகத்தையும் பார்க்காமல். “டிவிதான்.”

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் உதட்டின் ஓரத்தில் நீலம் திரும்பியது.

நிபுணர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். பிழைத்தாள். மங்கினாள். இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் அவள் வந்து நிற்கிற நேரம் குறைந்தது. பெற்றவர்களின் முகங்கள் திரையில் தணலாகக் கனன்றன. நிபுணரின் கட்டைவிரல் வலித்தது. நனைந்த துணியின் வாடை இப்போது நாக்கில் தெரிந்தது.

பட்டனை அமுக்கினார். மெனுவில் சிவப்பின் கோடு நகரவில்லை.

“கூட்டுங்க.”

“இதுக்கு மேல இல்ல, சார்.”

“ஏன் இல்ல?”

“அவ்வளவுதான் வச்சிருக்காங்க.”

ஒரு பெரிய அலுவலகத்தையே கட்டி மேய்த்தவர், மேலதிகாரி யாராவது வந்து அனுமதி தரமாட்டாரா என்பது போல அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சோபாவில் சரிந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் சரசரத்தது. அம்மாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

நிபுணர் எப்போதோ போயிருக்கலாம். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, டிவியில் கோளாறு இல்லை என்று கடைக்காரரிடம் சொல்லியிருந்தால் அது உண்மையும்கூட. ஆனால் அந்த இரண்டு முகங்களைப் பார்த்துவிட்டுப் படியிறங்க முடியவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு எப்போதும் இன்னொரு யோசனை வந்து தொலைக்கும்.

சிவப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கலர் என்று இருந்த இடத்துக்குப் போய், மொத்தத்தையும் இறக்கிப் பூஜ்யத்தில் வைத்தார்.

படம் கறுப்பு வெள்ளை ஆனது.

சோபா சாம்பல். நீலச் சட்டை சாம்பல். அப்பா, அம்மா, நடுவில் மகள், எல்லாரும் ஒரே சாம்பல். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவளிடம் ஒரு வித்தியாசமும் இல்லை. உதடு உதடாக இருந்தது. கண் கண்ணாக இருந்தது.

“இப்ப எங்க கூடவே இருக்கா” என்றார் அம்மா. சிரித்தே விட்டார். ரிட்டன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, டிவி நன்றாக இருக்கிறது என்றார். கடைக்காரர் கேட்டிருந்தால் கொண்டாடியிருப்பார்.

படத்தை ஓடவிட்டார் நிபுணர். அப்பா நின்று உரையாற்றினார். மகள் உட்காரச் சொன்னாள். அவர் வந்து உட்கார்ந்தார். மூவரும் சிரித்தார்கள். அங்கே வீடியோ முடிய வேண்டும்.

முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் சிரித்த வாயோடு அப்படியே உறைந்தார்கள். மகள் மட்டும் சிரிப்பை நிறுத்தினாள். இந்தப் பக்கம் திரும்பி அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வெகுநாள் தனியாகக் காத்திருந்த இடத்துக்குத் தெரிந்த முகம் வந்தால் பார்ப்பது போல.

“எல்லாரும் வந்துட்டீங்களா?”

நிபுணர் ரிமோட்டை அமுக்கினார். படம் நிற்கவில்லை. இது இந்த வீடியோவில் இல்லை என்று பொறியாளர் முனகினார். முனகல் பாதியிலேயே தேய்ந்தது.

“கேக்குறால்ல” என்றார் அம்மா, கணவரிடம். “பதில் சொல்லுங்க.”

“வந்துட்டோம்மா” என்றார் அவர்.

நிபுணர் ஜன்னலுக்குப் பாய்ந்து பச்சைத் திரையைப் பிய்த்து எறிந்தார். வெயில் அறைக்குள் கொட்டியது. எதிர்க் கட்டடத்து மாடியில் துணி காய்ந்தது, கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். மூச்சு வந்தது. அவர் திரும்பினார்.

சோபா சிவப்பாக இருந்தது. காலடியில் கிடந்த திரை பச்சையாக இருந்தது. தன் கண்ணில் கோளாறு இல்லை என்று அவர் முறையாகச் சரிபார்த்துக்கொண்டார்.

சிவப்புச் சோபாவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சாம்பல் நிறத்தில் இருந்தார்கள்.

பட்டப்பகல் வெயில் அவர்கள் முகத்தில் விழுந்தது. சூடு எதிலும் ஏறவில்லை. இருவர் முகத்திலும் நிம்மதி. இருவர் கண்ணும் டிவியை விட்டு நகரவில்லை.

நிபுணர் ரிமோட் பிடித்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தார். நகக்கண்ணில் சாம்பல் ஆரம்பித்திருந்தது. விரல் முட்டி வரை வந்திருந்தது.

பிளாஸ்டிக் சரசரத்தது. சோபாவில் யாரும் அசையவில்லை. வெயிலில் வெளிறிப்போன டிவித் திரையில், அந்தப் பெண் அப்பாவின் பக்கம் நெருங்கி நகர்ந்து, தனக்கும் அம்மாவுக்கும் இடையில் உண்டான இடத்தைக் கையால் துடைத்துவிட்டாள். நிமிர்ந்து, அறையிலிருந்த அம்மாவையும் அப்பாவையும் தாண்டி, ஜன்னலோரம் நின்ற நிபுணரைப் பார்த்தாள்.

“உங்களத்தான், தம்பி” என்றார் சோபாவிலிருந்த அம்மா, திரும்பாமலே. “உக்காருங்க.”