ஒன்றும் முளைக்காத கிண்ணம்

"கொதிக்க வைச்ச தண்ணியோ?"

மதுரா கேட்ட கேள்வியில் றொனால்டின் முகம் சுருங்கிவிட்டது. பின்னே? மழையில் வழுக்கி விழுந்தவளைத் தூக்கிவிட்டு, லயத்து வரிசை வீட்டார் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயில் சேற்றுக் காலைக் கழுவச் சொல்லி, குடிக்க ஒரு செம்புத் தண்ணீரும் நீட்டினால் இப்படியா கேட்பது!

"மலை ஊத்துத் தண்ணிங்க டீச்சர். நானும் பசங்களும் ஒரு வருஷம் பாடுபட்டு மேலருந்து பைப் இழுத்திருக்கோம்."

"தெளிவா இருந்தாச் சுத்தமெண்டு ஆர் சொன்னது?"

"யார் சொல்லணும்? பாட்டன் காலத்துலருந்து குடிக்கிறோம். செத்தா போயிட்டோம்?"

கோபத்திலும் அந்தக் கண்கள்... இமைகளில் மழைத்துளி தொங்க, என்ன கண்கள் அவை! மதுரா சட்டென்று பார்வையைத் திருப்பினாள். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு உயிரியல் ஆசிரியையாக வந்து மூன்றே வாரம். அதற்குள் தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீசியன் றொனால்டோடு வாய்ச்சண்டையா? வேண்டுமென்றே தன் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"சோதிச்சுப் பாப்பமோ?"

"பாருங்க! உங்க போத்தல் தண்ணியையும் சேத்துப் பாருங்க. அதான் நியாயம்."

"ஓம், பாப்பம்!"

பள்ளி ஆய்வுகூடத்தில் ஒன்றுமில்லை. கிருமிகள் வளர்ந்து தெரிவதற்காகக் கோழி சூப்பில் கடல்பாசியைக் கரைத்து, பிரஷர் குக்கரில் அவித்து, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்றில் பீலித் தண்ணீர் ஒரு துளி, மற்றதில் போத்தல் தண்ணீர் ஒரு துளி. மூடி ஒட்டி வைத்தாள். அடுத்த மூன்று நாளும் யாரும் முறையிடாத பள்ளி ஃபியூஸைப் பார்க்க றொனால்ட் வந்துவிட்டான்.

"உள்ள என்னங்க நடக்குது?"

"ஒரு நுண்ணங்கி, அதாவது கிருமி, கண்ணுக்குத் தெரியாது. அது ரெண்டாகி, நாலாகி, லட்சமாப் பெருகினா ஒரு புள்ளியாத் தெரியும்."

"அப்ப எங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"உங்கட உடம்பு அதுகளை முந்தியே சந்திச்சிட்டுது. முதல் தரம் சண்டை பிடிக்க நாள் எடுக்கும். பிறகு ஞாபகக் கலங்கள் மறக்காது... திரும்ப வந்தா உடன பிறபொருளெதிரி எண்ட காவல்படையை அனுப்பி அடிச்சுக் கலைக்கும். பாவம், சின்னப் பிள்ளையளுக்குத்தான் எல்லாம் முதல் சந்திப்பு."

அவன் சிரிப்பு நின்றுபோனது. "எங்க அக்கா மக ஜொய்சிக்கு நாலு வயசுங்க. இந்த மாசம் மூணாவது தடவை வயித்தோட்டம். இப்பவும் ஆஸ்பத்திரியில சேலைன் ஏறுது." அதற்குப் பிறகு இருவரும் விளையாட்டாகப் பேசவில்லை.

நான்காம் நாள் காலை. பீலிக் கிண்ணத்தில் பதினொரு புள்ளிகள். வென்றுவிட்டேன்! துள்ளியவள் அடுத்த கிண்ணத்தைப் பார்த்தாள்... ஐம்பது வரை எண்ணி நிறுத்திவிட்டாள். தண்ணீரைத் தினமும் கொதிக்க வைத்தவள், போத்தலை ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து கழுவவே இல்லை!

வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் பார்க்கவில்லை. இதைக் கொட்டிவிட்டால் என்ன? காட்டினால் லயமே கைகொட்டிச் சிரிக்கும். அவனும் சிரிப்பான்... ஆனால் மறைத்துவிட்டு, 'என் சோதனையை நம்பு' என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைக்கு என்ன பதில்?

கொட்டும் மழையில் இரண்டு கிண்ணங்களோடும் லயத்துக்கு ஓடினாள்.

"கூடப் புள்ளி உள்ளது என்ர போத்தல் தண்ணி," என்றாள். றொனால்ட் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிக்கவில்லை. "இத மறைச்சிருக்கலாமே டீச்சர்?"

"மறைச்சா உங்கட கிண்ணத்தை நீங்கள் நம்புவியளோ?"

"எங்க பைப்பக் குறை சொல்ல வந்தீங்கன்னு வீம்பு பண்ணிட்டேங்க..." அவன் குடையை எடுத்தான். "வாங்க, மேல போய்ப் பார்ப்போம்."

ஊற்றடித் தொட்டியின் மூடி உடைந்து கிடந்தது. சுற்றிலும் மாட்டுச் சாணம், மழையோடு கரைந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அன்றே வீடு வீடாகப் போய் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை லயமே மலையேறியது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது மூடி போட்டு, வேலி அடைத்து, குளோரின் இட்டார்கள். மதுரா தன் போத்தலையும் கொதிநீர் விட்டுத் தேய் தேயென்று தேய்த்தாள்.

மறு வாரம் பீலியடியில் ஒரே கூட்டம். குணமாகி வந்த ஜொய்சி மாமனின் இடுப்பில். பீலித் தண்ணீரும் போத்தல் தண்ணீரும் இட்டு நான்கு நாள் வைத்திருந்த புதுக் கிண்ணங்கள் இரண்டையும் மதுரா உயர்த்திப் பிடித்தாள்.

"ஒண்ணுமே இல்லியே மாமா?" என்றது குழந்தை.

"அதான் புள்ள நம்ம வெற்றி!"

காலிக் கிண்ணத்துக்குக் கிடைத்த கைதட்டலில் மலையே அதிர்ந்தது. யாரோ பட்டாசு கூடக் கொளுத்திவிட்டார்கள்!

அந்த ஆரவாரத்தில் றொனால்ட் மறுபடி செம்பை நீட்டினான். மதுரா எதுவும் கேட்காமல் ஒரே மூச்சில் குடித்தாள்.

"டீச்சர்... அந்த ஞாபகக் கலம் மறக்காதுன்னீங்களே?"

"ஓம். சிலது சாகுமட்டும் மறக்காது."

"மழையில மொதல்ல பார்த்தப்ப எனக்கு ஒண்ணும் புரியலங்க. ரெண்டு கிண்ணத்தோட நனைஞ்சு வந்து நின்னீங்களே... அப்பவே புரிஞ்சுபோச்சு. உங்கள எனக்குப் புடிச்சிருக்குங்க."

அவள் முகம் சிவந்தது. பையைத் திறந்து போத்தலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இதைப் பீலியில நிரப்பித் தாங்கோ. கழுவிப்போட்டுத்தான் கொண்டு வந்தனான்."

"இன்னைக்கு மட்டுமா?"

"இனி ஒவ்வொரு நாளும்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, றொனால்ட்."