ஆற்றங்கரைக் கூண்டு

மழை விட்டிருந்த பிற்பகலில் வனத்துறை ஜீப் ஆற்றங்கரை மேட்டில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் தங்கை. அவள் இந்தச் சரணாலயத்தில் பல வருஷமாக வனக்காவலர். அவன் இப்போதுதான் வேறு காட்டிலிருந்து மாற்றலாகி வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தான். மாமா வந்த குஷியில் அவள் பிள்ளைகள் தூங்குவதே இல்லை. அவனுக்கோ அவள் சமையலைக் கிண்டல் செய்வதைத் தவிர வேறு வேலையில்லை.

ஊழியர் குடியிருப்புப் பக்கம் சிறுத்தை வந்து போகிறது என்று பேச்சு. அதற்காகத்தான் இந்த இரும்புக் கூண்டு. போன வெள்ளத்தில் ஆறு அடித்துக்கொண்டு போன கூண்டு இது. கோடையில் மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்துக் கழுவிக் கரையோரம் வைத்திருந்தார்கள். எடுத்தபோது கதவு மூடியிருந்தது. உள்ளே வண்டலைத் தவிர ஒன்றுமில்லை.

அதே வெள்ளத்தில்தான் மீசைக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட மூத்த காவலரும் காணாமல் போனார். ஆற்றோடு போய்விட்டார் என்று தேடுவதை விட்டுவிட்டார்கள். மூடிய கதவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவளும்தான்.

"சாயங்காலம் அணையில தண்ணி திறக்கறாங்க. சட்டுபுட்டுனு முடிச்சிட்டுக் கிளம்பணும்" என்றாள்.

"அப்போ நீயே உள்ள போ. நான் நுழைஞ்சா கூண்டு தாங்காது" என்று அண்ணன் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான்.

கூண்டுக்குள் தரையோடு ஒரு பலகை. மிருகம் அதை மிதித்தால் பின்னால் கதவு விழும். சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஆள் ஒருவர் உள்ளே தவழ்ந்துபோய்க் கையால் பலகையை அழுத்தவேண்டும். வெளியே நிற்பவர் கதவுக்குக் கீழே குறுக்காக ஒரு கம்பியைச் செருகிவிடுவார். கதவு பாதியில் நின்றுவிடும். செருகியதும் அடையாளமாக இரும்பில் இரண்டு முறை தட்டுவார். வாய் திறக்கக் கூடாது. கூண்டருகே மனிதக் குரல் கேட்டால் சிறுத்தை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது என்பார்கள். உள்ளே போனவர் திரும்பிப் பார்க்கவும் இடம் கிடையாது. அந்த இரண்டு தட்டை நம்பித்தான் கை வைக்கவேண்டும்.

அவள் தவழ்ந்து போனாள். எத்தனை கழுவியும் சேற்று நாற்றம் போகவில்லை. நெற்றியில் சில்லென்று ஈரக்காற்று பட்டது, விட்டுவிட்டுப் பட்டது. ஆற்றுக் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

டங். டங்.

இரும்பு முழுக்க அதிர்ந்ததில் தட்டியது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பலகையை அழுத்தினாள்.

கதவு பாதியில் நிற்கவில்லை.

"அண்ணே, விளையாடாத. திற."

மேட்டின் மேலே ஜீப் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சேற்றில் அவன் இறங்கி வரும் காலடி.

"கம்பியை வண்டியிலேயே விட்டுட்டேன், அதை எடுக்கப் போனேன். நீ எதுக்கு அழுத்தின?"

"நீதானே தட்டின?"

"நான் மேல இருந்தேன், பாப்பா."

அப்போது அணைப் பக்கமிருந்து சங்கு ஊதியது. சிறுத்தைக்குக் கூண்டு வைக்கப் போனவள் தானே மாட்டிக்கொண்டாள் என்றால் சிரிக்கத்தான் தோன்றும். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளின் முகம் வந்தது. கதவு ஏறி இறங்கும் சட்டத்தில் மணல் அடைத்துக்கொண்டு, அண்ணன் எவ்வளவு இழுத்தும் கதவு அசையவில்லை. தண்ணீர் முதலில் அவள் உள்ளங்கையைத் தொட்டது. பிறகு முழங்கையை. பிறகு தாடையை.

செத்துப்போகப் போகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

கம்பியால் நெம்பி, தோளைக் கொடுத்து, எப்படியோ அவன் கதவைத் தூக்கிவிட்டான். அவள் பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்து, தொடையளவு தண்ணீரில் எழுந்து நின்று இருமினாள்.

"விடு, அண்ணே. போயிடலாம்."

அவன் கதவை விடவில்லை.

"இரு. அவரும் வரட்டும்."

"எவர்?"

"இப்படிக் கேக்கறியே. உன் முகத்துக்கு நேராத்தானே உட்கார்ந்திருந்தாரு. யூனிஃபார்ம், பெரிய மீசை. கையை நீட்டுங்கன்னா நீட்ட மாட்டேங்கறாரு."

அவள் குனிந்து பார்த்தாள். கம்பிகளுக்குள் பழுப்புத் தண்ணீர் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

"உள்ள யாருமில்ல. அந்த ஆளு செத்துட்டாரு. கதவை விடு."

"ஒரு மனுஷன் உள்ள இருக்கறப்போ விடச் சொல்றியா? உனக்கு என்ன ஆச்சு?"

அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. குரலும் கண்ணும் பிடிவாதமும் எப்போதும்போல அவனுடையவைதான். தண்ணீர் அவன் இடுப்பைத் தாண்டியது, தோள் நடுங்கியது. கையைப் பிடித்து இழுத்தாள், அடித்தாள், அழுதாள். அவன் நகரவில்லை. ஓர் ஆளை விட்டுவிட்டு வருகிறவன் இல்லை அவன். மூழ்கும்வரை அப்படியே நிற்பான்.

"கூப்பிட்டாத்தான் வருவாராம்" என்றான் மூச்சிரைக்க. "நீ கூப்பிடணுமாம்."

தண்ணீர் அவன் மார்புக்கு வந்துவிட்டது.

"வாங்க" என்றாள் காலிக் கூண்டைப் பார்த்து. "எங்களோடயே வந்துடுங்க."

கனமாக ஏதோ ஒன்று அவள் இடுப்பை உரசிக்கொண்டு, தண்ணீரை விலக்கியபடி கரைப்பக்கம் போனது.

"அப்பாடா" என்று அண்ணன் கதவை விட்டான்.

இருவரும் மேடேறினார்கள். அவன் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, சற்றுப் பொறுத்து, மெதுவாகச் சாத்தினான். வண்டியின் பின்புறம் தாழ்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அவள் திரும்பவில்லை.

அவன் வண்டியைக் கிளப்பி, கண்ணாடியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

"உங்களை எங்க இறக்கிவிடணும்?"

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். தலையாட்டினான்.

"நம்ம வீட்டுக்குத்தானாம்" என்றான் அவளிடம். "நீதானே பாப்பா கூப்பிட்ட."